தமிழ்நாட்டு ஹாக்கி அணிக்குச் சொந்த ஊர் எது? சென்னையா, மதுரையா, கோவில்பட்டியா?

பெயரில் தமிழ்நாடு இருக்கிறது. ஆனால் முதல் சீசனில் ஒரு மேட்ச்கூட தமிழ்நாட்டு மண்ணில் ஆடவில்லை. தமிழ்நாடு டிராகன்ஸ் அணியின் கதை இதுதான்.

ஏழு வருஷ இடைவெளிக்குப் பிறகு ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பர் 28-ம் தேதி மறுபடியும் தொடங்கியது. ஆண்கள் பிரிவில் எட்டு அணிகள். அதில் ஒன்று நம்ம டிராகன்ஸ். அரையிறுதி வரைக்கும் போனார்கள். ஆனால் ஆண்கள் ஆட்டங்கள் நடந்தது ஒடிசாவின் ரூர்கேலாவிலும் ஜார்க்கண்டின் ராஞ்சியிலும்தான். தமிழ்நாட்டு ரசிகர் தன் அணியைப் பார்க்க டிவியைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

அடுத்த சீசனில் நிலைமை கொஞ்சம் மாறியது. 2026 ஜனவரியில் ஆண்கள் லீக்கின் முதல் கட்டம் சென்னைக்கு வந்தது. அணியின் முதலாளியும் மாறியிருந்தார்கள். முதல் சீசனில் சார்லஸ் குழுமம். இரண்டாவது சீசனில் 'அக்கார்ட் தமிழ்நாடு டிராகன்ஸ்'. ஒரே வருஷத்தில் முதலாளி மாறலாம் என்றால் ஊரும் மாறலாம்தானே? இல்லை, தமிழ்நாட்டுக்கு இரண்டாவதாக ஒரு அணி கிடைத்தால் அது எந்த ஊரில் உட்கார வேண்டும்?

இந்தக் கேள்வியை சென்னையில் இருந்து கேட்டால் ஒரு பதில், பந்தல்குடியில் இருந்து கேட்டால் வேறு பதில்.

பந்தல்குடியில் இருந்து பார்த்தால்...

விருதுநகர் மாவட்டத்தில், மதுரை - தூத்துக்குடி நான்கு வழிச்சாலையில், அருப்புக்கோட்டையைத் தாண்டி வரும் ஊர் பந்தல்குடி. கரிசல் காடு, கண்மாய், சுண்ணாம்புக்கல் சுரங்கம். வானம் பார்த்த பூமி. அந்தப் பக்கம் திருச்சுழி வரைக்கும் இதே கதைதான்.

அந்தச் சாலையில் வடக்கே போனால் அருப்புக்கோட்டை, அப்புறம் மதுரை. தெற்கே எட்டயபுரம் போய் மேற்கே திரும்பினால் கோவில்பட்டி. அதாவது தமிழ்நாட்டின் புது ஹாக்கி மைதானம் ஒரு பக்கம், பழைய ஹாக்கி ஊர் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது பந்தல்குடி. சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல்.

இந்தப் பகுதியில் ஹாக்கி மட்டை பிடிக்கும் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ, தொழில்முறை அணி எந்த ஊரில் இருக்கிறது என்பது வெறும் ரசிகர் பெருமை இல்லை. லீக் விதிப்படி ஒரு அணியில் 24 பேர். அதில் குறைந்தது 4 பேர் இந்திய ஜூனியர் வீரர்களாக இருக்க வேண்டும். 2024 ஏலத்தில் அடிப்படை விலையே 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என்று மூன்று படியாக வைத்தார்கள். ஆண்கள் அணி ஒவ்வொன்றும் 4 கோடி ரூபாய் வரை செலவு செய்யலாம். ரயில்வே, வங்கி, காவல்துறை வேலைக்காக மட்டுமே ஹாக்கி ஆடிய ஒரு தலைமுறைக்கு இது புதுசு. அணியின் பயிற்சி முகாம் பக்கத்து ஊரில் நடந்தால், தேர்வாளர் கண்ணில் படுகிற வாய்ப்பும் பக்கத்து ஊருக்கு வருகிறது. பஸ் டிக்கெட் 50 ரூபாயா, ஒரு ராத்திரி ரயில் பயணமா என்பதில்தான் பல பேருடைய ஆட்டம் நின்று போகிறது.

சரி, ஒரு ஊர் 'ஹோம்' ஆக என்ன வேண்டும்?

ரசிகர் கூட்டம் என்று சொல்வீர்கள். அது இரண்டாம் பட்சம்தான். 2024-25 சீசனில் ரசிகர்களுக்கு நுழைவு இலவசம். 2025 ஜூனியர் உலகக் கோப்பைக்கும் சென்னை, மதுரையில் இலவசம்தான். டிக்கெட் காசே வராத இடத்தில், எந்த ஊரில் எத்தனை பேர் டிக்கெட் வாங்குவார்கள் என்ற கணக்கே எடுபடாது. பணம் வருவது ஸ்பான்சரிடமிருந்தும் ஒளிபரப்பிலிருந்தும். மைதானத்தைக் கொடுப்பது பெரும்பாலும் மாநில அரசு. அதனால் இந்தியாவில் ஹாக்கி எங்கே நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எந்த அரசு செலவு செய்யத் தயாராக இருக்கிறது என்பதுதான். 2018-ல் இருந்து இந்திய ஹாக்கி அணிகளுக்கே ஒடிசா அரசுதான் ஸ்பான்சர். ஆட்டங்கள் ஏன் சுற்றிச் சுற்றி ஒடிசாவுக்கே போகின்றன என்பது இப்போது புரியும்.

அடுத்தது மைதானம். சர்வதேசச் சான்று பெற்ற செயற்கைப் புல்தரை, இரவு ஆட்டத்துக்கான விளக்குகள், கேமரா வைக்க இடம், பயிற்சிக்கு இன்னொரு தரை.

அதற்கப்புறம் தண்ணீர். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஹாக்கி ஆடும் செயற்கைத் தரையை ஆட்டத்துக்கு முன்னால் நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் பந்து சரியாக ஓடாது. கீழே விழுந்தால் தோல் உரியும். ஆடுகளத்தின் நீளம் 91.4 மீட்டர், அகலம் 55 மீட்டர். அதாவது சுமார் 5,027 சதுர மீட்டர். அதன் மேல் ஒரே ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும் என்றாலே 5,000 லிட்டர் ஆகிவிடும். மூன்று மில்லிமீட்டர் என்றால் 15,000 லிட்டர். கோட்டுக்கு வெளியே உள்ள ஓரப் பகுதி தனி. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று ஆட்டம், நடுவில் பயிற்சி என்று போட்டுப் பாருங்கள். குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது என்று வாசலில் குடத்தை வரிசை வைத்துக் கணக்குப் பார்க்கிற அருப்புக்கோட்டை, கோவில்பட்டி பக்கத்து ஜனங்களுக்கு இந்த எண் சும்மா எண் இல்லை. கோவில்பட்டி நகருக்கே குடிநீர் தாமிரபரணியில், சீவலப்பேரியிலிருந்து குழாய் போட்டுத்தான் வருகிறது.

இதற்கு ஒரு வழி வந்துகொண்டிருக்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் போட்ட தரைக்கு முந்தைய தரைகளைவிடக் குறைவான தண்ணீர் போதும். அதன் இழைக்கு மூலப்பொருள் பெரும்பாலும் கரும்பிலிருந்து வருவது. அதே வகைத் தரையை 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராபிக்காக சென்னை எழும்பூரில் ஒலிம்பிக்குக்கு முன்பே போட்டுவிட்டார்கள். தண்ணீரே தேவைப்படாத தரையை நோக்கிப் போக வேண்டும் என்பது சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் திட்டம். அது நடந்தால் அதிகம் லாபம் அடைவது நம்ம கரிசல் பக்கத்து ஊர்கள்தான். அதுவரைக்கும், மறுசுழற்சித் தண்ணீர்த் தொட்டி கட்டாமல் தென்மாவட்டத்தில் புதுத் தரை போடுவது பொறுப்பான காரியம் இல்லை.

சென்னை: எல்லாம் இருக்கிறது, ஆனால்...

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்துக்கு அறிமுகம் வேண்டாம். 2007 ஆசியக் கோப்பை இறுதியில் இந்தியா தென் கொரியாவை 7-2 என்று துவைத்தது இங்கேதான். 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதியில் மலேசியாவை 4-3 என்று வென்றதும் இங்கேதான். 2025 டிசம்பர் 10-ம் தேதி ஜூனியர் உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவை 4-2 என்று வீழ்த்தி இந்திய ஜூனியர் அணி வெண்கலம் வாங்கியதும் இதே தரையில்.

தொழில்முறை அணி என்று எடுத்தாலும் சென்னைக்குத்தான் மூன்று தடவை வாய்ப்பு வந்தது. 2005-ல் தொடங்கிய பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ். 2012 உலகத் தொடர் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ். இப்போது டிராகன்ஸ். முதல் இரண்டும் அணியின் குறையால் போகவில்லை, லீக்கே மூடப்பட்டது. பிரீமியர் லீக் 2008-க்குப் பிறகு இல்லை. உலகத் தொடர் ஒரே சீசனோடு சரி.

விமான நிலையம், ஹோட்டல், ஸ்பான்சர் என்று எதிலும் சென்னைக்குப் போட்டி கிடையாது. ஆனால் சென்னையில் ஹாக்கிக்கு எதிரி கிரிக்கெட், கபடி, கால்பந்து எல்லாம்தான். எந்த வாரம் பார்த்தாலும் அங்கே வேறு ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்கும்.

மதுரை: ஒரு உலகக் கோப்பையில் பாஸ் ஆன ஊர்

2025 நவம்பர் 28-ம் தேதி தொடங்கிய ஜூனியர் உலகக் கோப்பையில் முதன்முறையாக 24 நாடுகள். ஒரே ஊரில் அத்தனை ஆட்டத்தை நடத்த முடியாது. அதனால் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் புதிய தரை போட்டு, விளக்கு போட்டு, இரண்டாவது மைதானம் ஆக்கினார்கள். இந்தியாவே அங்கே இரண்டு ஆட்டம் ஆடியது. ஓமனுக்கு எதிராக 17-0, சுவிட்சர்லாந்துக்கு எதிராக 5-0. (ஓமன் கடைசி நேரத்தில் பாகிஸ்தானுக்குப் பதிலாக வந்த அணி. 17 கோல் வாங்கியதற்கு அவர்களை ரொம்பத் திட்ட வேண்டாம்.)

சர்வதேச அணிகள் தங்கின, பயிற்சி எடுத்தன, ஆட்டம் ஒளிபரப்பானது. ஒரு லீக் அணிக்கு வேண்டிய பரீட்சை இதுதான். அதில் மதுரை தேறிவிட்டது. விமான நிலையம் அருப்புக்கோட்டை சாலைப் பக்கம், பெருங்குடியில். மைதானத்திலிருந்து மாட்டுத்தாவணி பஸ் நிலையம் ரொம்பத் தூரம் இல்லை. ராத்திரி ஆட்டம் முடிந்து அருப்புக்கோட்டை, பந்தல்குடி பக்கம் போகிறவர்களுக்குத் தூத்துக்குடி பஸ் பிடிக்க அது போதும்.

ஒரு சிக்கல் இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. லீக் நடப்பது டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை. பொங்கல் சமயத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு. மாவட்டப் போலீஸ் மொத்தமும் வாடிவாசல் பக்கம் நிற்கும். ஹோட்டல் அறையும் கிடைக்காது. அந்த வாரத்தில் மதுரையில் ஹாக்கி வைக்கலாம் என்று நினைக்கிற நிர்வாகி யாராவது இருந்தால், அவர் மதுரையைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். ஜனவரி முதல் வாரம் அல்லது கடைசி வாரம்தான் சரி.

கோவில்பட்டி: ஆள் இருக்கிறார்கள், அறை இல்லை

தீப்பெட்டி, கடலை மிட்டாய், ஹாக்கி. கோவில்பட்டியை இந்த மூன்றாலும் அடையாளம் சொல்வார்கள். 'ஹாக்கிபட்டி' என்றே செல்லப் பெயர் உண்டு. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு ரயில்வே, வங்கி, ராணுவ அணிகள் வருஷா வருஷம் வந்து போகின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி சிறப்பு மையமும் செயற்கைத் தரையும் இங்கே உண்டு.

மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்க்காரர். கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர் என்றாலும் வளர்ந்தது கோவில்பட்டி மையத்தில். இரண்டு பேரும் 2022-ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினார்கள். கார்த்தி 2023-ல் சென்னையில் இந்தியாவுக்காக கோல் அடித்தார். அப்புறம் டிராகன்ஸ் சட்டையையும் போட்டார்.

அப்படியானால் அணியைக் கோவில்பட்டிக்கே கொண்டு வரலாமே? இங்கேதான் லீக்கின் அமைப்பு குறுக்கே நிற்கிறது.

இப்போதைய லீக் நடப்பது 'கேரவன்' முறையில். எட்டு அணிகளும் ஒரே ஊரில் கூடாரம் போட்டு, சில நாள் ஆடி, அடுத்த ஊருக்குக் கிளம்பும். எட்டு அணி, தலைக்கு 24 பேர் என்றால் வீரர்கள் மட்டும் 192. பயிற்சியாளர், மருத்துவர், நடுவர், ஒளிபரப்புக் குழு எல்லாம் சேர்த்தால் முந்நூறு பேரைத் தாண்டும். அதில் பெரிய பங்கு வெளிநாட்டவர். இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் நல்ல ஹோட்டல் கோவில்பட்டியில் கிடையாது. தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலையில் திறந்துவிட்டார்கள், அந்தக் குறை தீர்ந்தது. அறைக் குறை தீரவில்லை.

ஆனால் பழைய ஹாக்கி இந்தியா லீக், 2013 முதல் 2017 வரை, அப்படி நடக்கவில்லை. ஒவ்வொரு அணியும் தன் ஊரில் பாதி, எதிரணி ஊரில் பாதி ஆடியது. அந்த முறை திரும்பினால், ஒரு ஊருக்கு ஒரு நேரத்தில் வருவது ஒரே ஒரு வெளியூர் அணி. முப்பது நாற்பது அறை போதும். கோவில்பட்டி திடீரென்று சாத்தியமாகிவிடும். பயணச் செலவு ஏறும் என்பது உண்மைதான். ஆனால் எந்த ஊருக்கு அணி கிடைக்கும் என்ற கேள்விக்கான விடை, அந்த ஊரின் தகுதியைவிட லீக்கின் அட்டவணையில்தான் அதிகம் ஒளிந்திருக்கிறது.

சின்ன ஊரில் முடியாது என்று சொல்பவர்களுக்கு ரூர்கேலாவைக் காட்டலாம். மாநிலத் தலைநகர் கிடையாது, ஒரு இரும்பாலை நகரம். சுந்தர்கர் மாவட்டத்துப் பழங்குடிக் கிராமங்களில் இருந்து திலீப் திர்கே மாதிரி வீரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அந்த ஒரே காரணத்தை வைத்து 2023 உலகக் கோப்பைக்காக அங்கே 20,000 பேர் உட்காரும் பிர்சா முண்டா அரங்கத்தை அரசு கட்டியது. விமான சேவையும் அதை ஒட்டித்தான் வந்தது. வீரர்கள் முதலில், அரங்கம் பிறகு. கோவில்பட்டியில் முதல் பாதி ஏற்கெனவே முடிந்துவிட்டது.

மற்ற ஊர்கள்? கோவையில் ஸ்பான்சர் கிடைக்கும், ஆர்.எஸ்.புரத்தில் மைதானத் திட்டமும் உண்டு. ஆனால் ஹாக்கி வேர் தெற்கு அளவுக்கு ஆழம் இல்லை. பாளையங்கோட்டையில் தரை இருக்கிறது. மதுரைக்கும் கோவில்பட்டிக்கும் இவ்வளவு பக்கத்தில் தனி அணி தேவைப்படாது. திருச்சி ரயில் சந்திப்பு என்ற வகையில் வசதி. அதற்கு மேல் இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

அணிகள் நிஜமாகவே ஊர் மாறுமா?

மாறும். மூடவும் செய்யும். 2013-ல் முதல் கோப்பையை வென்றது ராஞ்சி ரைனோஸ். அடுத்த ஆண்டு கோப்பை போனது. அதன் பிறகு அணியே போனது. 2015-ல் தோனி பங்குதாரராக இருந்த ராஞ்சி ரேஸ் அந்த இடத்துக்கு வந்து கோப்பையும் வென்றது. ஊரில் ஆட்டம் இருந்ததால் புது முதலாளி கிடைத்தார்கள். இப்போதும் அதே மாதிரிதான். 2024-25-ல் விசாகப்பட்டினத்தை அடையாளமாக வைத்திருந்த கோனாசிகா அணி அடுத்த சீசனில் இல்லை; அந்த இடத்தில் ராஞ்சி ராயல்ஸ். உத்தரப் பிரதேசத்தின் ருத்ராஸ் நிதிச் சுமையைச் சொல்லி விலகியது. அந்த இடத்தை நிரப்ப லீக் நிர்வாகமே ஒரு அணியை இறக்க வேண்டியதாயிற்று. அதாவது இரண்டே சீசனில் இரண்டு இடம் காலி.

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கியில் இது இன்னும் பெரிய கதை. கனடாவின் வினிபெக் நகரம் 1996-ல் தன் அணியை அமெரிக்காவின் ஃபீனிக்ஸுக்குப் பறிகொடுத்தது. பாலைவனத்தில் பனி ஹாக்கி. 15 வருஷம் காத்திருந்த வினிபெக், 2011-ல் அட்லாண்டாவின் அணியைத் தன் ஊருக்கு வரவழைத்தது. ஃபீனிக்ஸ் அணியோ சொந்த அரங்கம் இல்லாமல் கடைசியில் ஒரு பல்கலைக்கழகத்தின் சின்ன அரங்கத்தில் ஆடி, 2024-ல் வீரர்கள் மொத்தமும் உட்டா மாநிலத்துக்கு மாற்றப்பட்டார்கள். பெரிய நகரம் என்பதால் மட்டும் அணி நிலைக்கவில்லை. அரங்கம் கையில் இல்லாத ஊர்தான் முதலில் அணியை இழந்தது.

அந்தக் கணக்கை நம்ம ஊருக்குப் போட்டுப் பார்த்தால், மதுரையிடம் இப்போது ஒரு சொத்து இருக்கிறது: உலகக் கோப்பைக்காகப் போட்ட தரை. செயற்கைத் தரைக்கு ஆயுள் சுமார் பத்து வருஷம்தான். ஆட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வெயிலில் காய்ந்து அது தேயும். அந்த ஆயுளுக்குள் லீக் ஆட்டம் வந்தால் உண்டு.

நம்ம கணிப்பு என்ன?

டிராகன்ஸ் அலுவலகம் சென்னையை விட்டு நகரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஸ்பான்சர் இருக்கும் இடத்தில்தான் அலுவலகம் இருக்கும். ஆனால் ஆட்டங்களைப் பிரிக்கலாம். சென்னைக்கு வரும் கட்டத்தில் மூன்று நான்கு நாளை மதுரைக்குக் கொடுத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஜூனியர் உலகக் கோப்பையில் செய்ததுதான். சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமைக் கோவில்பட்டியில் வைக்கலாம். அதற்கு ஒரே அணிக்கான அறைகள் போதும், தரையும் தயார்.

இரண்டாவது அணி என்றால், பெண்கள் அணிதான் நியாயமான கோரிக்கை. 2024-25-ல் பெண்கள் பிரிவில் இருந்ததே நான்கு அணிகள்: டெல்லி, ஒடிசா, வங்காளம், சூர்மா. தெற்கில் ஒன்றுகூட இல்லை. ஏலத்தில் ஒரு பெண்கள் அணிக்கு உச்சவரம்பு 2 கோடி, ஆண்கள் அணியில் பாதி. குறைந்த செலவில் நுழைய நினைக்கும் தென்மாவட்டத் தொழிலதிபர் யாராவது இருந்தால் கதவு அங்கேதான் திறந்திருக்கிறது. மதுரையில் ஆட்டம், கோவில்பட்டியில் பயிற்சி என்று வைத்தால் கேரவன் முறையிலேயே அது ஓடும், நான்கைந்து அணிகளுக்கான அறைகள் மதுரையில் தாராளமாகக் கிடைக்கும்.

அதுவரை பந்தல்குடி, திருச்சுழி பக்கத்துப் பிள்ளைகளுக்கு இருக்கும் வழி அரசு விளையாட்டு விடுதிதான். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 7, 8, 9, 11-ம் வகுப்புகளில் சேரும் மாணவ மாணவியருக்குத் தேர்வுப் போட்டி வைக்கிறது. விண்ணப்பம் ஆன்லைனில், வழக்கமாகக் கோடை விடுமுறையை ஒட்டி. மாவட்ட அளவில் தேர்வு விருதுநகரில் நடக்கும். தங்குமிடம், சாப்பாடு, சீருடை, மட்டை எல்லாம் இலவசம். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டால் தேதி சொல்வார்கள்.